முப்பத்தோராவது ஆள்

நோட்டில் முப்பதாவது ஆளைப் படித்துவிட்டுத் தம்பி நேராக முப்பத்திரண்டுக்குத் தாவியபோது, அக்காவின் ஆள்காட்டி விரல் மெத்தையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பியது.

"ஒண்ணு விட்டுட்ட."

"எதையும் விடல."

"விட்டுட்ட. முப்பத்தொண்ணு."

தம்பி நோட்டை மடியில் கவிழ்த்துக்கொண்டான். தம்பி என்றால் சின்னப் பிள்ளை இல்லை. ஐம்பத்தெட்டு வயது, மேல்வரிசை முழுக்கக் கட்டுப்பல். அக்காவுக்கு அறுபத்துநாலு. "ரெண்டு நாள், மிஞ்சினா மூணு" என்று டாக்டர் சொல்லி இன்றோடு நாலாவது நாள். மூச்சு விடுவதே முழுநேர வேலையாகிப்போன பிறகும், சரக்கில் ஒன்று குறைந்தால் கண்டுபிடிக்கிற மூளை மட்டும் தேயவில்லை.

அந்த மூளைக்குச் சாணை பிடித்ததே அவன்தான். கீழே இருக்கும் மெத்தைக் கடையை இருவரும் முப்பது வருடமாக நடத்துகிறார்கள். லாரி வந்தால் அவன் வாசலில் நின்று சீட்டிலுள்ள மெத்தை அளவையும் எண்ணிக்கையையும் படிப்பான். "ஆறுக்கு அஞ்சு, நாலு!" அக்கா குடோனுக்குள் ஒவ்வொன்றின்மேலும் கைவைத்து எண்ணிவிட்டு "ம்" என்பாள். "ம்" வராமல் அடுத்த வரி கிடையாது. வெயிலோ மழையோ, லாரி நின்றபடி நிற்கும். டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘செக்போஸ்ட்’.

இப்போது அவன் படித்துக்கொண்டிருந்தது லாரிச் சீட்டு இல்லை, அக்காவின் ஜெப நோட்டு. தினமும் ஷட்டரைத் தூக்குவதற்கு முன் அரைமணி நேரம், அதில் உள்ள ஒவ்வொருவருக்காகவும் அவள் ஆண்டவரிடம் பேசுவாள். அதில் ஒரு பெயர்கூட இருக்காது. "பேரெல்லாம் அவருக்குத் தெரியும். எனக்கு அடையாளம் போதும்" என்பாள். ‘மாடிப்படி இருமல்.’ ‘மீட்டர் பார்க்க வர்றவர், முதுகு.’ ‘தலையணையைத் திருப்பிக் கொடுத்த பொண்ணு, மாமியார்.’ ஊரில் இத்தனை பேருக்கு இத்தனை உபாதை இருக்கும்போது ஒருத்தன்கூட நல்ல மெத்தை வாங்க மாட்டேன் என்கிறானே என்று அவனுக்கு ஆத்திரம் வந்தது.

போன வாரத்திலிருந்து அவளால் வார்த்தையைக் கோக்க முடியவில்லை. அதனால் அவன் படிக்க, அவள் "ம்" போட, ஜெபம் லோடு இறக்குகிற கணக்கில் நடந்துவந்தது. தினமும் இரண்டாம் பக்கத்தின் நடுவில் மட்டும் தகராறு. அங்கே எழுதியிருந்தது: ‘31. தம்பி, பேச வைக்கணும்.’

"நான் என்ன ஊமையா? விடிஞ்சதுலருந்து அடையறவரைக்கும் வாயை வாடகைக்கு விட்டுத்தானே பொழைக்கிறேன்?"

"எங்ககிட்ட இல்லடா. அவர்கிட்ட."

"அவர்கிட்ட எனக்கு என்ன பேச்சு?"

பேச்சு ஒரு காலத்தில் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் அவன் மனைவி படுத்திருந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஆண்டவரிடம் சுத்தமாகப் பேரம் பேசி முடித்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. ஸ்பாஞ்சைப் பஞ்சு என்று சொல்லி விற்பதில்லை. பதிலுக்கு அவள் பிழைக்க வேண்டும். அவள் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை கடை திறந்ததில்லை, ஸ்பாஞ்சு ஸ்பாஞ்சாகவே விற்றது. வாரம் தவறாமல் கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வந்தான். வாக்குத் தவறியது யார் என்று அவருக்கே உறைக்கட்டும் என்பதுதான் அதன் உள்ளர்த்தம்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. போதகர் வந்திருந்தார். நல்ல மனிதர், நல்ல குரல். அவர் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினால் வார்த்தைகள் தேய்த்து மடித்த துணிபோல ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்காரும். பத்து நிமிடம் ஜெபித்தார். அக்காவின் நெற்றியில் கைவைத்தார். தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கி, "சமாதானமா இருங்க" என்றார்.

"இருந்துட்டுத்தான் இருக்கேன் பாஸ்டர்" என்றான் அவன், பல்லைக் கடித்தபடி.

அவர் இறங்கிப் போனதும் அக்கா கண்ணைத் திறந்தாள்.

"நல்லா ஜெபிச்சார்."

"ம்."

"எனக்குள்ள ஒண்ணும் எறங்கல."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நாலு மாசமாச்சுடா. அந்தப் பக்கத்துலருந்து ஒரு சத்தம் இல்ல. முன்னாடியெல்லாம் பேசினா... ஆள் இருக்கிற வீடு மாதிரி இருக்கும். இப்போ பூட்டின வீட்டைத் தட்டற மாதிரி இருக்கு."

சொல்லி முடிக்க அவளுக்கு நாலு மூச்சு தேவைப்பட்டது. நோயைக் கண்டுபிடித்தும் நாலு மாதம்தான் ஆகிறது. அவன் மனத்துக்குள் அந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. ரத்தம் சுர்ரென்று தலைக்கேறியது.

"நாலு மாசமா? ஏன்க்கா சொல்லல? நாலு மாசமா வெறும் சுவத்தோடயா பேசிட்டிருந்த? முப்பது வருஷ வாடிக்கை நீ! ஒருநாள் தவறினதில்ல. நம்ம கடைக்கு வருஷத்துக்கு ஒரு தலையணை வாங்கற கெழவர் படுத்தப்போ நான் ஆப்பிளோட போய்ப் பாத்துட்டு வந்தேன். ஒரு மரியாதைக்காவது எட்டிப் பாக்க வேண்டாமா அவர்?"

"கத்தாத."

"கத்துவேன். பதில் சொல்லாதவரை ஏன் நீ தெனமும் கூப்பிடற?"

"கடைக்கு ஆள் வரலைன்னா ஷட்டரை எறக்கிடுவியா?"

"நாலு மாசம் வரலைன்னா எறக்கிடுவேன். எறக்கிட்டுப் பலசரக்கு வெப்பேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாயிற்று. இருமல் அடங்க வெகுநேரமாயிற்று. அவன் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். ஒருகாலத்தில் ஆறுக்கு ஆறு மெத்தையைத் தனியாகப் புரட்டியவள்; இப்போது கையில் கனமே இல்லை.

"எனக்குக் கோவம்தான்," என்றாள் அவள், தலையணையில் சாய்ந்துகொண்டு. "உனக்கு மட்டும்தானா? ஆனா விட்டா விட்டுப்போயிடும்டா. நீ விட்ட பாரு, ஒம்பது வருஷம்."

"அதனால?"

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன். யாராவது படிக்கணும்."

"உன் ஜெபக்குழுப் பொம்பளைங்க எட்டுப் பேர் இருக்காங்களே, அவங்ககிட்ட குடு. அழகா ராகம் போட்டுப் படிப்பாங்க."

"அவங்க நல்லாத்தான் செய்வாங்க." கண்ணை மூடிக்கொண்டாள். "நீ சண்டையாவது போடுவ. படி. முப்பத்தொண்ணுலருந்து."

அவன் நோட்டைத் திருப்பினான். ‘31’ என்ற எண்ணின்மேல் விரல் நின்றது. வாயைத் திறந்தான். இத்தனை வருடத்தில் எத்தனை கெட்டிக்கார வாடிக்கையாளர்களை மடக்கிய வாய். மூன்றே சொல் வரவில்லை. வராததற்கு அவள்மேல் கோபம் வந்தது. அவளைப் படுக்கவைத்தவர்மேல் அதைவிடக் கோபம் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கீழே ஹாரன் அடித்தது. சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வராத லாரி அன்றைக்குப் பார்த்துச் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தது.

"லோடு வந்திருக்கு," என்று எழுந்தான். தப்பித்தோம் என்று இருந்தது அவனுக்கு. "அஞ்சு நிமிஷம். எறக்கிட்டு வந்துடறேன்."

"முப்பத்தொண்ணு," என்றாள் அக்கா.

"வந்து படிக்கிறேன்க்கா."

சமையலறையிலிருந்த மகளை அத்தையின் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு இறங்கினான்.

வாசலில் நின்று சீட்டை விரித்தான். கோபத்தில் குரல் வழக்கத்தைவிடத் தடித்து வந்தது. "ஆறுக்கு நாலு, பத்து!" குடோனுக்குள்ளிருந்து கடையாள் "வந்துருச்சு மொதலாளி" என்றார். "ஆறுக்கு அஞ்சு, எட்டு!" "வந்துருச்சு." அந்த "வந்துருச்சு" அவனுக்குப் பிடிக்கவில்லை. கைவைத்து எண்ணாமல் சொல்கிற பதில் அது. ஒவ்வொரு வரிக்கும் பிறகு, பழக்கதோஷத்தில், ஒரு மூச்சளவு நிறுத்தினான். தலையணை, உறை, விரிப்பு என்று சீட்டு நீண்டுகொண்டே போயிற்று. அஞ்சு நிமிடம் இருபது நிமிடமாயிற்று.

மேலே ஏறி வந்தபோது மகள் கட்டிலருகில் நின்றிருந்தாள்.

"அப்பா."

குரலிலேயே தெரிந்துவிட்டது.

"எப்போ?"

"இப்பத்தான்ப்பா. ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. உங்களைக் கூப்பிடலாம்னு எழுந்தேன், அதுக்குள்ள..."

"ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல. கண்ணை மூடிக்கிட்டு ‘ம்’, ‘ம்’னு மட்டும், விட்டு விட்டு. என்ன அத்தை வேணும், தண்ணியான்னு கேட்டேன். என்னைக் கவனிக்கவே இல்ல. கொஞ்ச நேரம் சும்மா இருப்பாங்க, மறுபடி ஒரு ‘ம்’. வேற யாருக்கோ பதில் சொல்ற மாதிரி."

காற்றுக்காகத் திறந்துவைத்திருந்த ஜன்னல் வழியாக, பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கடையாளின் குரல் கேட்டது. "மொதலாளி! ஆறுக்கு ஆறுல ரெண்டு கொறையுது! கையெழுத்துப் போடலாமா?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். மறுபடி ஜன்னலைப் பார்த்தான்.

"மொதலாளி?"

"வாயை மூடுங்கய்யா!" என்று அவன் போட்ட சத்தத்தில் தெருவே ஒரு கணம் நின்றது. மகள் பயந்துபோய் அவன் தோளைத் தொட்டாள். அவன் ஜன்னல் கதவை இழுத்தான். அது துருப்பிடித்துப் பாதியில் நின்றுகொண்டது. ஓங்கி ஒரு குத்து விட்டான். அப்போதும் மூடவில்லை.

மாடிப்படி குறுகல், சவப்பெட்டி திரும்பாது. அதனால் மறுநாள் காலை அக்காவைக் கடைக்குள்ளேயே கிடத்தினார்கள். மெத்தைகளைச் சுவரோரம் கூரைவரை அடுக்கி நடுவில் இடம் பண்ணியிருந்தான். வந்தவர்களில் பாதிப்பேர் நாற்காலியை விட்டுவிட்டு மெத்தை அடுக்குகளில் சாய்ந்துகொண்டார்கள். சிலர் தங்களை அறியாமல் விரலால் அமுக்கிப் பார்த்தார்கள். அழுகைச் சத்தம் வெளியே கேட்கவில்லை. கடை முழுக்க மெத்தையாக இருந்தால் எந்தச் சத்தமும் எடுபடாது.

ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். "கொடுத்து வச்சவங்க, தூக்கத்துல போன மாதிரி போயிட்டாங்க." "கடைசி மூச்சு வரைக்கும் ஆண்டவரோடயே இருந்தாங்களாமே." அவன் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினான். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டே வந்தது.

போதகர் வாசித்தார், பேசினார், பாடவைத்தார். பெட்டியை மூடும் முன் அவன் பக்கம் சாய்ந்து, "குடும்பத்து சார்பா நீங்க ரெண்டு வார்த்தை ஜெபிச்சிருங்க. முடியலைன்னா பரவாயில்ல, நானே செஞ்சிடறேன்" என்றார்.

ஒன்பது வருடமாக அவன் ‘நீங்களே செஞ்சிடுங்க’ என்றுதான் சொல்லிவந்தான் என்பது அவருக்கும் தெரியும். இந்த முறையும் அதையே எதிர்பார்த்து, கண்ணை மூடி, தொண்டையைச் செருமிக்கொண்டார். எல்லோரும் தலை குனிந்தார்கள்.

"ஆண்டவரே," என்றான் அவன்.

போதகர் செருமலைப் பாதியில் நிறுத்தினார். அடுத்து ‘நீர் எங்களுக்குத் தந்த’ என்று போகும் என எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வழி தெரிந்த வண்டிபோல அந்த ஜெபம் அப்படித்தான் போகும்.

"நீங்க பண்ணினது எனக்குப் பிடிக்கல."

யாரோ மூச்சை இழுப்பது கேட்டது.

"ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி பண்ணினதும் பிடிக்கல. அதை அப்புறம் பேசிக்குவோம். இது வேற." கட்டுப்பல்லுக்குள் நாக்கு புரண்டது. "இவ தெனமும் கூப்பிட்டா. நாலு மாசம். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்களுக்குப் போட்டியா எதிர்ல கடை போட்டவன்கூட ரெண்டு தடவை வந்து பாத்துட்டுப் போனான்."

எதிர்க்கடைக்காரர் கடைசி வரிசையில் தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

"நேத்து நான் கீழ நின்னு படிச்சது வேற சீட்டு. அது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா மேல இவ ‘ம்’ போட்டது உங்களுக்கு. லோடுக்கு இல்ல. அதை நீங்க மாத்தி எடுத்துக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

லோடு சீட்டில் ஒரு வரி படித்து முடித்தவன்போல, ஒரு ‘ம்’முக்காக நின்றான். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, மகளைத் தவிர. அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. குனிந்த தலைகள் குனிந்தபடி இருந்தன.

போதகர் கண்ணைத் திறக்காமலே அவன் காதருகில், "ஆமென் சொல்லிடுங்க" என்றார்.

"எதுக்கு? இன்னும் முடியல பாஸ்டர்."

சொல்லிவிட்டு அவன் வாசலுக்கு நடந்தான். பெட்டியை ஏற்ற வந்த வண்டி கடைப் படியைவிட்டுத் தள்ளி நின்றிருந்தது. இன்னும் நாலடி பின்னால் வரவேண்டும். கையைக் காட்டி, "வாங்க, வாங்க... லெஃப்டுல ஒடிங்க" என்று டிரைவரைக் கூப்பிட்டான்.

உள்ளே ஜெபக்குழுப் பெண்களில் ஒருத்தி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கண்ணை மூடியபடியே இருக்க, அவளும் அவசரமாக மூடிக்கொண்டாள்.