மதினி சாய்ந்த சுவர்

எங்கள் வீட்டுச் சுவருக்கும் என் நாத்தனார் பேச்சியம்மா மதினிக்கும் ஆகாது. மேட்டுப்பாளையத்தில் டைல்ஸ் ஒட்டின வீட்டுக்காரி அவள். நாங்கள் எஸ்டேட் லைன் வீட்டை விட்டு, குன்னூருக்குக் கீழே சொந்த இடத்தில் மண்சுவர் எழுப்புகிறோம் என்று கேட்ட நாளிலிருந்து, போனில் சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால் கரையான் வந்துவிட்டதா என்றுதான் கேட்பாள்.

கடைசியில் ஒரு பந்தயத்துக்கு வந்தோம். பால் காய்ச்சும் நாளில் வந்து பார்ப்பாள். சுவர் பளிச்சென்று இருந்தால் வாயை மூடிக்கொள்வாள். இல்லையென்றால் மொத்தச் சுவருக்கும் சிமெண்ட், அதுவும் அவள் கொழுந்தன், கொத்தனார் ஆறுமுகசாமி கையால். மண்சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு, நாலு மழையில் சுவர் வயிறு ஊதி நிற்கும். நான் மிதித்துக் குழைத்த மண் அது. என் வீட்டுக்காரர் பாண்டியராஜ், டீ ஃபேக்டரியில் கொழுந்து வண்டி ஓட்டுகிறவர், அக்கா சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்தார். அவளிடம் ஆடாத தலையா அது!

சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசி, அதன்மேல் சுண்ணாம்பை மோர் மாதிரி கரைத்து நானே அடித்தேன். பொங்கலுக்குப் பொங்கல் லைன் வீடுகளுக்கு அடித்த கை. ஈரத்தில் அது வெறும் தண்ணீராகத்தான் தெரியும், காயக் காயத்தான் வெளுக்கும். மெல்லிசாக அடித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருந்தேன். வெயில்தான் வரவில்லை. மலையை மூடும் மிஸ்ட் வந்து, விருந்துக்கு வந்த சொந்தக்காரர் போல நகராமல் உட்கார்ந்துவிட்டது.

பால் காய்ச்சும் காலையிலும் சுவர் சாம்பல் நிறம்தான். வாசலுக்கு நேர் எதிரே மட்டும் ஆளுயரத்துக்கு நல்ல வெள்ளை. சாமி கண் திறந்துவிட்டது என்று நம்பினேன், மடச்சி.

மதினி மெரூன் பட்டில் வந்தாள். அந்த வெள்ளையைப் பார்த்ததும் முகம் சுருங்கிப் போயிற்று. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் அதிலேயே சாய்ந்து காபி குடித்தாள். நகர்ந்தபோது தோசைக் கனத்தில் ஒரு பத்தை உரிந்து சேலையோடு வந்தது.

சேலைக்கு அழுவாள் என்று பார்த்தால், முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியாடா தம்பி? ஆறுமுகசாமிய வரச் சொல்லிரட்டுமா?"

நான் பத்தையைக் கையில் எடுத்தேன். இவ்வளவு தடியாக நான் அடிக்கவே இல்லை. அப்போதுதான் என் வீட்டுக்காரர் காது மடலில் சுண்ணாம்பு காய்ந்திருப்பதைப் பார்த்தேன். நேற்றுச் சாயங்காலம் நான் பூ வாங்கப் போனபோது இவர் மட்டும்தான் இங்கே இருந்தார்.

இவர் கழுத்தைச் சொறிந்தார். தலை ஆடவில்லை.

"அக்கா, அது நான் அப்புனது. வெள்ளையே வரலியே, சசிகலா தோத்துரக் கூடாதேன்னு கெட்டியா அப்பிட்டேன். அவ அடிச்சது ஒண்ணும் உழுகல. இந்த ஊட்டுக்கு சிமெண்ட் வேண்டாம்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் அக்காவிடம் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் சுவரைக் கெடுத்ததும் இதே மனுஷன்தானே. பூச்சுக் கரண்டியை எடுத்து இவர் கையில் கொடுத்தேன்.

"ஏனுங்க, அப்புனத நீங்களே சுரண்டுங்க."

புது வேட்டியோடு உட்கார்ந்து சுரண்டினார். மதினி ஆறுமுகசாமி பேச்சை விட்டுவிட்டு, எந்தச் சுவரும் எட்டாத நடுக்கூடத்தில் நின்று காபியை முடித்தாள். இவர் சுரண்டச் சுரண்ட, அடியில் என் பூச்சு அப்படியே இருந்தது. இன்னும் வெளுக்கவில்லை. மெதுவாக வெளுக்கட்டும், இனி என்ன அவசரம்.