மேசைக்குள் மொரீஸ்

லூயி தச்சர் அல்ல. காரைக்காலிலிருந்து வந்து, பிரெஞ்சுக்காரர் காலத்துச் சுங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். ஆனாலும் வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த வருஷம் சைகோன் துறைமுகத்தை ஒட்டிய சந்து வீட்டில் தன் கையாலேயே ஒரு தச்சு மேசை செய்தார். அமெரிக்கச் சரக்குப் பெட்டிகளின் பலகை, மரத்தைக் கவ்விப் பிடிக்க சைக்கிள் கடையில் வாங்கிய திருகுப்பிடி, இரவல் இழைப்புளி. ஒரு கால் குட்டையாகிப்போய்க் கட்டை வைத்து நிமிர்த்தினார். அடிப்பாகத்தை நாலு பக்கமும் பலகையடித்து மூடினார். பின்பக்கப் பலகை மட்டும் நகரும்.

அது மகன் மொரீஸுக்காக. தாய் லான் வியட்நாம்காரி என்பதால் பிள்ளையும் அந்நாட்டுப் பிரஜை. பதினெட்டு முடிந்தவர்களைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ் சந்துக்குள் நுழைந்தால் வாசலில் பழம் விற்கும் லான் உரக்க இருமுவாள். மொரீஸ் முழங்காலைக் கட்டிக்கொண்டு மேசைக்குள் புகுந்துவிடுவான். சந்தேகம் வராதிருக்க லூயி முக்காலிகள் செய்தார். அவை விற்கவும் செய்தன.

ஒரு நண்பகலில் வந்த போலீஸ்காரர்கள் வீட்டைத் தேடி முடித்தும் கிளம்பவில்லை. ஒருவன் தன் துப்பாக்கியை மேசைமேல் வைத்தான். அதன் மரக்கட்டை பிளந்திருந்தது.

"தச்சர்தானே? சரிபண்ணிக் குடுங்க. இருந்து வாங்கிட்டுப் போறோம்."

லூயி துப்பாக்கியைத் திருகுப்பிடியில் இறுக்கினார். பிளவில் பசை ஊற்றி, துளைபோட்டு, மரமுளை அடிக்க வேண்டும். மெல்லத் தட்டினால் முளை இறங்கவில்லை. போலீஸ்காரன் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். லூயி சுத்தியலை ஓங்கினார். ஒவ்வோர் அடிக்கும் இடுக்கு வழியே மரத்தூள் உள்ளே உதிர்ந்தது. பிள்ளைக்குத் தூசி ஆகாது. ஒரு தும்மல் போதும். முளை இறங்கிய பிறகும் அடித்துக்கொண்டே இருந்தார். சத்தத்தை நிறுத்தப் பயமாக இருந்தது.

அவர்கள் போனதும் பலகையை நகர்த்தினார். மொரீஸ் தவழ்ந்து வெளியே வந்தான். தும்மலை அடக்கக் கடித்ததில் முன்கையில் ரத்தம். கால்சட்டை நனைந்திருந்தது.

"போயிட்டாங்க தம்பி."

"இனிமே இதுக்குள்ள போவமாட்டேன் பப்பா."

"கொஞ்ச நாள்தான்டா. சண்டை முடிஞ்சுடும்."

"நான் பொறந்ததுலேர்ந்து இதையேதான் சொல்றீங்க. உள்ள செத்துட்டேன்னே நெனச்சேன். என்னைப் பெட்டில வச்சு ஆணி அடிக்கிற மாதிரியே இருந்துச்சு."

மறுநாள் லான் சந்தைக்குப் போன நேரத்தில் அவனாகவே பட்டாளத்துக்குப் பெயர் கொடுக்கக் கிளம்பினான். லூயி சந்து முனைவரை கெஞ்சிக்கொண்டே கூட நடந்தார். கையைப் பிடித்து இழுக்க மட்டும் துணிவில்லை. ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மழைக்காலம் முடியுமுன் உடல் வந்தது. பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள். மாதா கோயிலில் லான் அழவில்லை. வீட்டுக்கு வந்தபின்தான் கேட்டாள்.

"அன்னைக்கு மேசைமேல ஏன் அவ்வளவு ஓங்கி அடிச்சீங்க?"

"முளை இறங்கல," என்றார் லூயி.

அவள் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு பின்யுவோங் என்ற ஊரில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனாள். திரும்பவில்லை. அந்தச் சந்தில் லூயி இன்னும் சில வருஷம் முக்காலி செய்து பிழைத்தார்.