சம்பந்தி போனில் மட்டும் இருந்த பெண்

சங்கரன்கோவிலில் நைட்டி மொத்த வியாபாரம் செய்கிற சண்முகையாவுக்குப் போன வாரம் வரை தரையில் கால் பாவவில்லை. மகள் கனகலட்சுமிக்கு வாசுதேவநல்லூரில் இடம் அமைந்து, பூவும் வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளை ராஜபாளையத்து மில்லில் சூப்பர்வைசர். சண்முகையாவின் மனைவி பேச்சித்தாய் அதை "மேனேஜர் மாதிரி" என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

செவ்வாய்க்கிழமை காலையில் மாப்பிள்ளையின் அப்பா மாரிக்கண்ணன் போனில் வந்தார். நலம்கூட விசாரிக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, ஒங்க பிள்ளைக்கு இன்னும் மாப்பிள்ளை தேடுதியளோ? நெட்டுல கெடக்கு. எதிர்பார்ப்பு அரசு வேலைன்னு போட்டிருக்கு. எம் பையன் மில்லுக்குப் போறவன்தான?"

அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகளும் உண்டு. அதனால் வரன் பார்க்கிற தளத்தைத் தினமும் ஒரு நடை பார்த்துவிடுவார்.

சண்முகையா சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் எபினேசரிடம் ஓடினார். அந்த வரன் தளத்தை நடத்துகிறவர் எபினேசர்தான். பூ வைத்த அன்றைக்கே விவரத்தை எடுத்துவிடச் சொல்லியிருந்தது.

"அன்னைக்கே எடுத்துட்டனே அண்ணாச்சி. இங்கன பாருங்க."

கம்ப்யூட்டரில் கனகா இல்லை. சண்முகையா தன் போனைத் திறந்தார். அதில் பச்சைப் பட்டில் சிரித்துக்கொண்டிருந்தாள், அரசு வேலை மாப்பிள்ளையை எதிர்பார்த்தபடி.

"ஒருதடவ பாத்த பக்கத்தப் போன் உள்ள எடுத்து வச்சுக்கிடும். மறுபடி தொறந்தா அந்தப் பழசையே காட்டும். கேச்சுன்னு பேரு. அத அழிச்சாத்தான் புதுசு தெரியும்."

எபினேசர் அந்தப் போனின் மேல்மூலையில் இருந்த மூன்று புள்ளியைத் தொட்டு, உள்ளே போய் எதையோ அழித்தார். கனகா மறைந்தாள்.

"சம்பந்தி போன்லயும் இப்படி அழிக்கச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். எபினேசருக்குப் பெண் பிள்ளை கிடையாது.

பேச்சித்தாய் கேட்டதுமே சீறினாள். "கிறுக்கா பிடிச்சிருக்கு? சம்பந்தியக் கூப்பிட்டு, போன்ல பாத்ததெல்லாம் அழிங்கன்னா சொல்லுவிய? அவரு கண்டதையும் பாக்காருன்னு நாம நெனச்ச மாதிரில்லா ஆயிரும்?"

சண்முகையாவுக்கு அதுவும் நியாயமாகப் பட்டது. அவருக்கு யார் சொன்னாலும் நியாயமாகத்தான் படும். மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

"அப்பா போனயா? சார்ஜ் போட எடுத்தாலே சத்தம் போடுவாரு மாமா."

மறுநாள் ஒரு சீப்புப் பழத்தோடு வாசுதேவநல்லூருக்குப் பஸ் ஏறினார். சம்பந்தி வீட்டில் காப்பி வந்தது. போன தடவையைவிடச் சீனி குறைவோ என்று ஒரு சந்தேகம். எபினேசர் சொன்னதை அப்படியே ஒப்பிக்கப் பார்த்தார். அவர் காதுக்கே அது பொய்போலக் கேட்டது.

"அப்ப எம் போனுதான் பொய் சொல்லுதுங்கிய?"

"ஐயோ, இல்ல அண்ணாச்சி. ஒரு நிமிசம் குடுங்க, காட்டுதேன்."

மாரிக்கண்ணன் மனசில்லாமல் நீட்டினார். சண்முகையா மூன்று புள்ளியைத் தொட்டார், அழித்தார், மறுபடி திறந்தார். கனகா இல்லை. அப்பாடா என்று நிமிர்ந்தார்.

மாரிக்கண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் இருந்துச்சு."

"ஆமா."

"ஒங்க கை பட்டதும் போயிட்டு."

"அது பூ வச்ச அன்னைக்கே..."

"எங் கண்ணு முன்னால எடுத்துட்டு அன்னைக்கே எடுத்தேங்கிய! நான் கேக்கலன்னா இருந்திருக்கும், அப்படித்தான?"

"எபினேசர்கிட்ட ஒரு வார்த்த பேசுங்களேன்."

"அவரு ஒங்க ஊர்க்காரருலா. ஒங்களுக்குத் தோதாத்தான் சொல்லுவாரு."

சண்முகையாவிடம் மேற்கொண்டு காட்ட எதுவும் இல்லை. இருந்த ஒன்றையும் தன் விரலாலேயே அழித்தாகிவிட்டது.

"வேற எந்தெந்த சைட்ல போட்டிருக்கிய?"

"எங்கயும் இல்ல அண்ணாச்சி. சத்தியமா."

"இருக்கட்டும். பாத்துருவோம்."

மாரிக்கண்ணன் போனின் மேல் குனிந்தார். ஒவ்வொரு வரன் தளமாகத் திறந்தார். இப்போது கற்றுக்கொண்டதுபோலவே மூன்று புள்ளி, அழித்தல், மறுபடி திறத்தல். கல்யாணத் தேதி பற்றிக் கேட்டதற்கு, "வீட்ல கலந்துட்டுச் சொல்லுதேன்" என்றார், தலையைத் தூக்காமல்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேருவதற்குள் பேச்சித்தாய் கூப்பிட்டுவிட்டாள்.

"என்ன சொன்னாவ? பாத்துட்டாரா?"

"பாத்துட்டாரு."

"பெறகென்ன? முடிஞ்சுதுல்லா?"

"முடியலட்டி. பாத்துக்கிட்டே இருக்காரு."