இரண்டாம் வாய்ப்பாட்டுக்கு ஒரு கிண்ணம்

"மூவேழு?"

டுவேன் கையிலிருந்த அட்டையை மகளின் மூக்குக்கு நேராக நீட்டினான். சாப்பாட்டு மேசையில், முட்டை வேகவைக்கும்போது நேரம் பார்க்கிற சின்னக் கடிகாரம் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. மார்லி அட்டையைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தாள். மேசைக்கு அடியில் அவளுடைய விரல்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தன.

"கையை மேல வை. விரலை விடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? மூவேழு?"

"இருபத்து... மூணு?"

"அடிப்பாவி! ரெண்டு நிமிஷம் முன்னாடி இருபத்தொண்ணுன்னு சரியாச் சொன்னியே. அதுக்குள்ள எங்க போச்சு?"

"தெரியலப்பா. போயிடுச்சு."

ஒன்பது வயதுப் பிள்ளை சொன்னது அப்பட்டமான உண்மை. ஆனால் அப்பன்மார்களுக்கு அந்த மாதிரி உண்மை பிடிப்பதில்லை. டுவேன் அட்டைக் கட்டை மேசையில் ஓங்கி அடித்தான்.

"நான் ஒரு கட்டையோட முனையைப் பாத்தாலே எத்தனை பலகை தேறும்னு சொல்லிடுவேன். எங்கப்பனும் அப்படித்தான். எங்க வம்சத்துல கணக்கு வராதவன் ஒருத்தன் கிடையாது. இவளுக்கு மட்டும் இது எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல!"

வந்த இடம் ஆறடி தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தது. ரோண்டா திரும்பவில்லை. குழாயை இன்னும் கொஞ்சம் வேகமாகத் திறந்துவிட்டாள்.

"அம்மா, நீயாவது சொல்லேன். நான் சும்மா இருக்கேனா? முயற்சி பண்றேன்மா."

"கொஞ்சம் மனசு வச்சா வந்துடும் கண்ணு," என்றாள் ரோண்டா.

சொன்ன வாய் கூசவில்லை என்று சொல்ல முடியாது. இதே வார்த்தையை அவளுடைய அம்மா அவளிடம் சொல்லியிருக்கிறாள், நான்கு டீச்சர்கள் சொல்லியிருக்கிறார்கள். வருடக்கணக்கில் மனசு வைத்துப் பார்த்து, வராது என்று தெரிந்துகொண்டவள் அவள். தெரிந்திருந்தும் பெற்ற பிள்ளையிடம் அதையே திருப்பிச் சொல்கிறாள் என்றால், கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை.

பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் ரோண்டாவுக்கு எண் பிடிபடாது என்பது டுவேனுக்குத் தெரியாது. அறுபத்தெட்டு பெரிதா எண்பத்தாறு பெரிதா என்று கேட்டால் அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். முள் வைத்த கடிகாரம் அவளுக்கு ஆகாது. தொலைபேசி எண்கள் விரல் போகிற பாதையாகத்தான் கைக்குப் பழகியிருந்தன, வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் ஒன்றும் வராது. மார்லி படிக்கும் பள்ளிக்கூடத்துச் சமையலறையில்தான் அவளுக்கு வேலை. இரண்டு மடங்கு ரொட்டி மாவு வேண்டுமென்றால் அளவை இரட்டிப்பாக்க மாட்டாள், ஒரு முறை பிசைந்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பிசைவாள். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் சாப்பிடும் பிள்ளைக்கு ஒன்றாகத் துணி மாட்டும் கிளிப்புகள் காலையில் ஒரு டப்பாவில் வரும். மற்றவர்கள் எண்ணிச் சொல்வார்கள். ரோண்டா தட்டுக்கு ஒரு கிளிப்பாக மாட்டிக்கொண்டே போவாள். ஒரு நாளும் ஒரு பிள்ளை பட்டினி கிடந்ததில்லை. சமையலறைத் தலைவி வெர்னா மட்டும், "என்னம்மா இது, துணி காயப்போடற மாதிரி!" என்று சிரிப்பாள். கூடச் சேர்ந்து ரோண்டாவும் சிரித்துவைப்பாள்.

அவள் அப்படி ஒளிந்துகொண்டாள், பிழைத்துக்கொண்டாள். மார்லிக்கு ஒளிய இடமில்லை. மூன்றாம் வகுப்பு டீச்சர் மிஸஸ் ஹால்வர்சன் பத்தொன்பது வருடமாக நடத்திவரும் ஐஸ்க்ரீம் விழா வெள்ளிக்கிழமை வருகிறது.

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் வடக்கு மூலையில் இருக்கும் அந்த ஊருக்கு அந்த விழாவில் அப்படி ஒரு பெருமை. இரண்டு நிமிடத்தில் நாற்பது பெருக்கல் போட்டுக் காட்டினால் ஒரு வாய்ப்பாடு தேறியதாகக் கணக்கு. ஒன்றாம் வாய்ப்பாடு தேறினால் ஒரு கரண்டி. இரண்டு தேறினால் கிண்ணம். மூன்றுக்குத்தான் முதல் உருண்டை ஐஸ்க்ரீம். அதற்கு மேலே போகப் போக இன்னும் உருண்டைகள், சாக்லேட் குழம்பு, நுரைத்த க்ரீம் என்று ஏறிக்கொண்டே போய், ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்கு உச்சியில் ஒரு செர்ரிப் பழம். யார் எதுவரை தேறினார்கள் என்பது வருடம் முழுக்கப் பள்ளிக்கூட நடையில் பெரிய தாளில் தொங்கும். விழாவன்று பெற்றோர்கள் கேமராவோடு வந்து சுற்றி நிற்பார்கள். காலிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தை மற்ற குழந்தைகள் தின்பதைப் பார்த்தால் அதற்கு ரோஷம் வந்து படிக்கும் என்பது மிஸஸ் ஹால்வர்சனின் கல்விக் கொள்கை. இந்தக் கொள்கைக்காக ஊர் அவருக்கு இரண்டு முறை பாராட்டுப் பத்திரம் வாசித்தளித்திருக்கிறது.

மார்லியிடம் இருந்தது கரண்டியும் கிண்ணமும்தான்.

வியாழக்கிழமை கடைசித் தேர்விலும் அவள் தோற்றாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் ரோண்டா மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு வகுப்பறைக்குப் போனாள்.

"உக்காருங்க ரோண்டா," என்றார் மிஸஸ் ஹால்வர்சன், பிள்ளைகளின் குட்டி நாற்காலியைக் காட்டி.

ரோண்டா முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்தாள். "பல் டாக்டர்கிட்ட காத்திருந்தப்ப ஒரு பத்திரிகைல படிச்சேங்க. எண் மட்டும் மூளைல பிடிபடாத பிள்ளைங்க இருக்காங்களாம். டிஸ்கால்குலியான்னு பேரு. அதுக்குப் பரிசோதனை இருக்குன்னு போட்டிருந்தான். மாசம் ஒருதடவை மாவட்டத்துலேருந்து ஒருத்தர் வர்றாரே, அவரை விட்டு மார்லியப் பாக்கச் சொல்லலாமான்னு..."

"எங்க காலத்துல அதுக்குச் சோம்பல்னு பேரு," என்றார் மிஸஸ் ஹால்வர்சன், சிரித்த முகமாக. "பாருங்க ரோண்டா, உங்க பொண்ணு ஆறாம் வகுப்புப் புத்தகத்தைத் தட்டுத் தடுமாறாமப் படிக்கிறா. அவ எழுதற கட்டுரைய ஆபீஸ்ல எல்லாரும் வாங்கிப் படிக்கிறோம். மாவட்டத்துலேருந்து வர்றவரு படிக்கவே வராத பிள்ளைங்களைப் பாக்கத்தான் வர்றாரு. இவ்ளோ நல்ல மூளைக்கு மூணாம் வாய்ப்பாடு வரலன்னா, வரலன்னு அர்த்தம் இல்ல. வேணாம்னு அர்த்தம்."

நன்றாகப் படிப்பதே அந்தப் பெண்ணுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. கொஞ்சம் மக்காக இருந்திருந்தால் யாராவது உதவிக்கு வந்திருப்பார்கள் போலிருக்கிறது.

'எனக்கும் வராது டீச்சர், இது என்கிட்டேருந்து வந்தது' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அது ரோண்டாவின் தொண்டை வரை வந்தது. சொன்னால் மாலைக்குள் வெர்னாவின் காதுக்குப் போகும், இரவுக்குள் டுவேனின் காதுக்கு. அவள் அதை விழுங்கிவிட்டாள்.

"நாளைக்கு நீங்கதானே பரிமாறுறீங்க?" மிஸஸ் ஹால்வர்சன் கட்டம் போட்ட ஒரு தாளை நீட்டினார். "பேருக்கு நேரா டிக் போட்டிருக்கேன். சொந்தப் பிள்ளைன்னு ஒரு துளி கூட விழுந்துடக் கூடாது, சரியா? எல்லாருக்கும் ஒரே நியாயம்."

ரோண்டா தலையை ஆட்டினாள். நன்றி கூடச் சொல்லிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் கலர் காகிதம் கட்டியிருந்தார்கள். மர ஆலையில் ஷிப்ட் மாறுகிற நேரமாதலால் அப்பன்மார்கள் சட்டையில் மரத்தூளோடு சுவரோரம் நின்றார்கள். டுவேனும் நின்றான், முடிந்தவரை கடைசியில். ஊர் வாரப் பத்திரிகையை ஒற்றை ஆளாக நடத்தும் கில்பர்ட் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மிஸஸ் ஹால்வர்சன் ஒலிபெருக்கியில் பெயர்களைப் படித்தார், அதிகம் தேறியவரிலிருந்து தொடங்கி. முதல் பையன் செர்ரிப் பழம் வரை வாங்கிக்கொண்டு போனபோது கைதட்டல் கூரையைப் பிய்த்தது. போகப் போகக் கைதட்டல் தேய்ந்தது. கடைசி மூன்று பெயருக்கு வந்தபோது பெரியவர்கள் வேறெங்கோ பார்க்க ஆரம்பித்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை என்று தெரிந்தும் பத்தொன்பது வருடமாக நடத்துகிறவர்கள், அந்த ஒரு நிமிடம் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு நாகரிகம் தெரிந்தவர்கள்.

"மார்லி. ஒன்றாம் வாய்ப்பாடு, இரண்டாம் வாய்ப்பாடு."

மார்லி வந்தாள். கிண்ணத்தையும் கரண்டியையும் வெர்னா அவள் கையில் கொடுத்தாள். பிள்ளை அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் இடத்துக்குத் திரும்பிப் போகத்தான் பார்த்தாள். அந்தக் கிண்ணத்தை அவள் இரண்டு கையாலும், உள்ளே என்னமோ இருக்கிற மாதிரி, சிந்திவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ரோண்டா அதைப் பார்த்தாள்.

"இங்க வா," என்றாள். கிண்ணத்தை வாங்கி ஒரு உருண்டை போட்டாள். இன்னொன்று. பிறகு எத்தனை என்று அவள் பார்க்கவில்லை.

"அம்மா, வேணாம்மா. எனக்குக் கிடையாது. டீச்சர் திட்டுவாங்க," என்றாள் மார்லி பயந்து.

"ஏய், என்ன பண்ற நீ? தாளைப் பாரு!" என்று வெர்னா முழங்கையால் இடித்தாள். ரோண்டா சாக்லேட் குழம்பை ஊற்றினாள்.

மிஸஸ் ஹால்வர்சன் ஒலிபெருக்கியை வைத்துவிட்டு விறுவிறுவென்று வந்தார். "ரோண்டா, பட்டியல்ல என்ன போட்டிருக்கு?"

"பாத்தேங்க." அவள் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. "எனக்கும் மூணாம் வாய்ப்பாடு வராது. முப்பத்தஞ்சு வயசாச்சு, இன்னிக்கும் வராது. ராத்திரி படிச்சா காலையில போயிடும். ஆனா ஐஸ்க்ரீம் வாங்கப் போன இடத்துல யாரும் என்னை வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னதில்ல. உங்களை யாராச்சும் சொன்னாங்களா?"

பத்தொன்பது வருடத்தில் மிஸஸ் ஹால்வர்சனிடம் யாரும் கேள்வி கேட்டதில்லை.

ரோண்டா உச்சியில் செர்ரிப் பழத்தை வைத்து மகள் கையில் கொடுத்தாள். அடுத்து, காலிக் கிண்ணத்தோடு ஒதுங்கி நின்ற இரண்டு பிள்ளைகளைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் டுவேன் வண்டியை ஓட்டிக்கொண்டே பொரிந்து தள்ளினான். "மில் ஆளுங்க முன்னாடி மானத்தை வாங்கிட்டியே! பன்னெண்டு வருஷம். கட்டின புருஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல?"

"சொல்லியிருந்தா அந்த அட்டைய என் மூக்குக்கு நேராவும் நீட்டியிருப்ப."

பின்சீட்டிலிருந்து மார்லி கேட்டாள், "நிஜமாவாம்மா? உனக்கும் போயிடுமா?"

"போயிடும் கண்ணு. உனக்கு நான் மொதல்லயே சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது."

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் ரோண்டாவைப் பரிமாறுவதிலிருந்து எடுத்துப் பாத்திரம் கழுவப் போட்டார்கள். அவள் அதை எதிர்பார்த்திருந்தாள். புதன்கிழமை வந்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. வாரப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் பெரிதாக மார்லி, கையில் ததும்பும் கிண்ணம். கேமராவிலேயே கண்ணாக இருந்த கில்பர்ட் அன்றைய ரகளையைக் காதில் வாங்கவில்லை. கூடத்திலேயே அதிகமாக நிறைந்த கிண்ணம் எதுவோ அதைப் படமெடுத்துவிட்டார். கீழே கொட்டை எழுத்தில், "கணக்கில் நம் ஊரின் சின்னப் புலி!"

கூடத்துக்கு வராத முக்கால்வாசி ஊர் அதை நம்பியது. கிண்ணம் நிறைந்திருக்கிறது, அப்புறம் என்ன? மளிகைக் கடையில் மார்லியின் கன்னத்தைத் தட்டினார்கள். போன வாரம் வரை சோம்பேறி என்ற முகத்தில் இந்த வாரம் புத்திக்களை தெரிந்தது. ஆலையில் டுவேனின் முதுகில் தட்டி, "உன் தலைதான்டா உன் பொண்ணுக்கும்!" என்றபோது, அந்த மனிதன் மறுக்கவில்லை. "எங்க வம்சம் அப்படி," என்றான்.

மிஸஸ் ஹால்வர்சனுக்குத் தூக்கம் போயிற்று. நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த புதன்கிழமை மூன்றாம் பக்கத்தில், இறந்தவர் அறிவிப்புக்குப் பக்கத்தில் அது வந்தது.

மார்லிதான் முதலில் பார்த்தாள். பத்திரிகையைத் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை படிக்கும் பிள்ளை அவள். சமையலறையில் நின்றுகொண்டு, தடங்கல் இல்லாத குரலில் வாய்விட்டுப் படித்தாள்: "திருத்தம். சென்ற வாரம் முதல் பக்கப் படத்தில் இடம்பெற்ற மூன்றாம் வகுப்பு மாணவி மார்லி, இரண்டாம் வாய்ப்பாடு வரை மட்டுமே தேறியவர். தவறுக்கு வருந்துகிறோம்."

படித்து முடித்துவிட்டு, காகிதத்தை அழகாக மடித்து மேசையில் வைத்தாள். அழவில்லை. அதைத்தான் ரோண்டாவால் தாங்க முடியவில்லை.

ரோண்டா தொலைபேசியை எடுத்தாள்.

"கில்பர்ட், நான் ரோண்டா பேசறேன். இன்னொரு திருத்தம் இருக்கு, எழுதிக்குங்க. அந்தப் பொண்ணோட அம்மா, பள்ளிக்கூடத்துச் சமையலறைல வேலை பாக்கறவங்க, அவங்களுக்கும் மூணாம் வாய்ப்பாடு தெரியாது. முழுப் பேரைப் போடுங்க. அதே பக்கத்துல, அதே மாதிரி."

மறுமுனையில் கில்பர்ட் சங்கடமாகச் சிரித்தார். "விளையாடாதீங்க ரோண்டா. அதையெல்லாம் எப்படி அச்சுல போடறது? ஒருத்தருக்கு என்ன தெரியாதுன்னு பேரைப் போட்டு ஊருக்கே படிக்கக் கொடுத்தா அவமானம் இல்லையா? என் பத்திரிகைல நான் யாரையும் அப்படிப் பண்ணினதில்ல."

"என் பொண்ணு பேரைப் போட்டிருக்கீங்களே. இன்னிக்கு."

கில்பர்ட் நிஜமாகவே புரியாமல் சொன்னார்:

"அது குழந்தைதானேங்க?"