மச்சாளுக்குச் சொன்ன வருத்தம்

கடற்கரை ஊரான மெலிஞ்சிமுனையில் யோகம்மாவைப் பெருமைக்காரி என்றார்கள். கோயிலில் எல்லாரும் முழந்தாளிடும்போது அவள் மட்டும் தூணோடு நிற்பாள். மீன் கடகம் சுமந்து சந்தைக்குப் போவதையும் விட்டுவிட்டாள். அவளுடைய கணவன் இராயப்புவுக்கும் மனக்குறை இருந்தது. கடைசிப் பிள்ளை பிறந்த பிறகு மனைவி பாயைத் தள்ளிப் போட்டுப் படுப்பது தன்மேல் உள்ள வெறுப்பில் என்று நினைத்தான். ஆனால் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளைப்பேற்றோடு யோகம்மாவுக்குக் கருப்பை கீழிறங்கியிருந்தது. பாரம் தூக்கினால், குந்தினால், இருமினால்கூட வெளியே தட்டுப்படும். இப்படியொரு வருத்தம் உலகத்தில் தனக்கு மட்டுமே வந்திருக்கிறது என்று நம்பி, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை செய்தாள்.

எழுபத்திரண்டாம் ஆண்டு இராயப்புவின் அக்கா ஜசிந்தாவின் மகளுக்குக் கலியாணம் நிச்சயமானது. பலகாரத்துக்கு மா இடிக்க வர ஏலாது என்று யோகம்மா சொல்லியனுப்ப, ஜசிந்தா சண்டைக்கே வந்துவிட்டாள். யோகம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் நின்று பழைய குறைகளையெல்லாம் எடுத்துப் போட்டாள். யோகம்மா பொறுத்துப் பார்த்தாள்.

"மச்சாள், என்னாலை உலக்கை பிடிக்க ஏலாது. பிடிச்சா அடி இறங்குது."

ஜசிந்தா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். எவ்வளவு காலமாக என்று மெல்லக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"எனக்கு உன்னிலும் கூடக் காலமடி. செத்தாலும் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை எண்டு இருந்தனான்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாருக்கு முதலில் சிரிப்பு வந்தது என்று தெரியாது. சிரிக்கச் சிரிக்க இருவருக்கும் கீழே இறங்கியது. அடிவயிற்றைப் பொத்திக்கொண்டு இன்னும் சிரித்தார்கள்.

கலியாணச் சாமான் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு இருவரும் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார்கள். அங்கிருந்த பெண் டொக்டர் சோதித்துப் பார்த்தார். அவர் திடுக்கிடவேயில்லை. பிள்ளை பெற்று, பாரம் சுமக்கிற பெண்கள் எத்தனையோ பேருக்கு வருகிற வருத்தம்தான் என்றார். கருப்பையைத் தாங்கிப் பிடிக்க ஆளுக்கொரு றப்பர் வளையத்தை உள்ளே வைத்துவிட்டார். இடைக்கிடை வந்து மாற்ற வேண்டும், பாரம் தூக்கக் கூடாது, விரும்பினால் யாழ்ப்பாணத்தில் ஒப்பரேசன் செய்யலாம் என்று விளக்கினார்.

யோகம்மா கட்டிலால் இறங்கினாள். டொக்டர் இருமச் சொன்னார். இருமினாள். ஒன்றும் இறங்கவில்லை. நம்பாமல் தானாகவே இன்னும் பலமாக இருமினாள். திரைக்கு அந்தப் பக்கம் ஜசிந்தாவும் இருமிக்கொண்டிருந்தாள். போதும், தொண்டை நோகப் போகிறது என்றார் டொக்டர்.

வெளியே வந்து துறைமுகத்தடியில் ஐஸ்பழம் வாங்கித் தின்றபடி காரைநகர் வள்ளங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கலியாணச் சாமான் ஒன்றும் வாங்காமலே வீடு திரும்பினார்கள்.

அன்று பின்னேரம் இராயப்பு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது யோகம்மா பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கை அசையாமல் நின்றது.

"என்னிலை கோவமெண்டெல்லே நான் நினைச்சனான்."

"உங்களுக்கு அருவருக்கும் எண்டு நான் பயந்தனான்."

அவன் வலையை ஒதுக்கிவிட்டு அவள் கையைப் பிடித்தான்.

பலகார நாளன்று மா இடித்தது இராயப்பு. ஆண் பிள்ளை உலக்கை போடுவதைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். அவன் கவனிக்கவில்லை, வேர்க்க விறுவிறுக்க இடித்துக் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போனான். அவன் போனதும், ஏன் அவன் இடித்தான் என்பதை ஜசிந்தா ஒளிக்காமல் எல்லாருக்கும் சொன்னாள். பிறகு, பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த அயல்வீட்டு யாக்கோப்புவின் மனைவி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, அந்த டொக்டர் எந்தக் கிழமையில் வருவார் என்று கேட்டாள். மூலையில் இருந்த இன்னொருத்தி, தானும் வரலாமா என்றாள்.

கலியாணம் முடிந்த அடுத்த கிழமை, யோகம்மாவும் ஜசிந்தாவும் முன்னே ஏற, பின்னால் பெண்கள் வரிசையாக பஸ்ஸில் ஏறினார்கள். ஊர்காவற்றுறையில் என்ன திருவிழாவோ என்று கொண்டக்டர் கேட்டார்.

"ஓம் தம்பி, எங்களுக்குத் திருவிழாதான்" என்றாள் யோகம்மா. பஸ் முழுக்கச் சிரிப்பு எழுந்தது.