மஞ்சள் கட்டத்தில் மூன்று

சனிக்கிழமை மாலை திருப்பதியில் பேருந்து ஏறினால், புத்தலப்பட்டு தாண்டியதும் கோவர்த்தனன் செல்போனை எடுத்து அந்த எக்செல் கணக்கைத் திறப்பான். கீழே கடைசி வரியில் ஒரு எண் நிற்கும். மீதி மாதம்: 7. பார்த்துவிட்டு மூடிவிடுவான். பிறகு சித்தூர் வரும்வரை ஜன்னல்தான்.

கணக்கு மங்கை போட்டது. அலர்மேல்மங்கை, அவன் மனைவி. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். கல்யாணமான மூன்றாம் வருடம், தரணி கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இதைப் போட்டாள். "நாப்பது வயசுக்குள்ள நீ வேலைய உடணும். அதுக்குமேல போனா அது தேவைக்கு இல்ல, ஆசைக்கு" என்றாள்.

கணக்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஓர் ஆளுக்கு மாதம் ஒன்பதாயிரம். வீட்டுப் பொதுச் செலவு ஐயாயிரம். இத்தனை ஆள் என்று போட்டால் வருடச் செலவு வரும். அதைப் போல முப்பது மடங்கு சேமிப்பு சேர்ந்துவிட்டால் வேலையை விட்டுவிடலாம். அதற்கு இன்னும் எத்தனை மாதம் என்று கடைசி வரி காட்டும். ஆட்களின் எண்ணிக்கைக்கு மட்டும் ஒரு தனிக் கட்டம் வைத்து மஞ்சள் நிறம் கொடுத்திருந்தாள். இரண்டாவது பிள்ளை பிறந்தால் மாற்றலாம் என்று. அந்தக் கட்டத்தில் 3 என்று இருந்தது.

மங்கை போய் இரண்டு வருடம் ஏழு மாதம் ஆகிறது. டெங்கு. நான்கே நாள். மஞ்சள் கட்டத்தில் இன்னும் 3 தான் இருக்கிறது.

தெரியாமல் விட்டதல்ல. ரேணிகுண்டா பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவன் பராமரிப்பு இன்ஜினியர். ஏதாவதொரு மெஷினின் மீட்டர் தப்பாக எண் காட்டினால் ஷிப்டு முடியும்வரை பொறுக்கமாட்டான். இந்தக் கட்டத்தில் மட்டும் விரல் வைத்ததில்லை.

திருப்பதியில் ஒற்றை அறை வாடகை. மகள் தரணி சித்தூரில், மங்கையின் அக்கா காஞ்சனா வீட்டில். ஏழு மாதம் முடிந்ததும் சித்தூரிலேயே கிரீம்ஸ்பேட்டையில் வீடு பார்த்து மகளோடு இருப்பதாக ஏற்பாடு. அதுவரை வாரத்துக்கு இரண்டு ராத்திரியும் ஒரு பகலும்தான் அவன் அப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தரணி நோட்டுப்புத்தகத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நைனா, எத்தினி?"

"ஏழு."

அவள் பக்கத்தைப் புரட்டினாள். "உகாதிக்கு ஒன்பதுன்னே. மூணு மாசம் போயிடுச்சி. ஆறு வரணும்."

"வைத்தியச் செலவு கொஞ்சம் ஏத்திப் போட்டேன்."

"யாருக்கு வைத்தியம்?"

"எல்லாருக்கும்தான்."

காஞ்சனாவின் புருஷன் சடகோபன் வெல்ல மண்டியில் கணக்குப்பிள்ளை. தெலுங்குப் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "காணிப்பாக்கத்துல கெணத்துக்குள்ள பிள்ளையார் வளந்துகினே கீறாரு. உங்க நைனா மாசமும் அப்படித்தான் தரணி. நீ கெழவி ஆனாலும் ஏழுதான்."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் காஞ்சனா, மாங்காய் நறுக்கிக்கொண்டே.

"காட்டு, நானே பாக்கறேன்" என்று தரணி கை நீட்டினாள். கோவர்த்தனன் செல்போனைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனான். குளித்துவிட்டு வந்தபோது தரணி அங்கே இல்லை. செல்போன் காஞ்சனாவின் கையில் இருந்தது. மாங்காய் பாதியில் நின்றிருந்தது.

"தம்பி, இங்க வா. யாரு அது?"

"எது அக்கா?"

"ஆட்கள் மூணுன்னு போட்டுக்கீறே. நீ ஒண்ணு, கொழந்த ஒண்ணு. மூணாவது யாரு?"

அவன் துண்டால் தலையைத் துவட்டத் தொடங்கினான். அதை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"திருப்பதியிலயே பாத்துட்டியா? கூட வேல செய்றவளா? தப்புன்னு சொல்லல. முப்பத்தெட்டு வயசு. எத்தினி நாளைக்கு மெஸ்ஸுல துன்னுகினு இருப்பே? ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நான் என்ன, வேணாம்னா சொல்லப்போறேன்?" சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

பேப்பர் இறங்கியது. "அட்றா சக்க! நம்ம சகலையா? பூன மாதிரி இருந்துகினு?"

"அப்படி ஒண்ணும் இல்லக்கா."

"இல்லன்னா காணிப்பாக்கம் வந்து பிரமாணம் பண்ணு."

அதை அவள் பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். அந்த வட்டாரத்தில் ஆடு காணாமல் போனாலும் அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு என்றாலும் வாய்க்கு வருகிற பேச்சு அதுதான். ஆனால் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தரணிக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

"ஆமா நைனா. வா போலாம். எனக்கும் பிரமாணம் பண்ணு, ஏழு மாசம்னு. அதுக்குமேல ஏத்தமாட்டேன்னு."

சடகோபனின் ஸ்கூட்டரில் போனார்கள். கோவர்த்தனன் ஓட்ட, நடுவில் தரணி, பின்னால் காஞ்சனா. பதினோரு கிலோமீட்டர். வழியெல்லாம் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகிற டிராக்டர்கள். மாம்பழம் பழுத்து வெடித்த வாசனை.

வரிசையில் அவர்களுக்கு முன்னால் இரண்டு பேர் ஈர வேட்டியோடு நின்றார்கள். பிரமாணம் பண்ணக் குளத்தில் முழுகிவிட்டு வந்தவர்கள். கங்காதர நெல்லூர் பக்கமாம், கூடப்பிறந்தவர்களாம். போர்வெல் தண்ணீர் யாருக்கு என்பதில் வழக்கு. ஏழு வருடமாகப் பேச்சு இல்லையென்று கூட வந்த பெண் காஞ்சனாவிடம் சொன்னாள். சன்னதி பத்தடி இருக்கும்போது இளையவன் வரிசையிலிருந்து சட்டென்று விலகினான்.

"வேணாண்ணா. ஒரு நாள் நீ தண்ணி உட்டுக்க, ஒரு நாள் நான் உட்டுக்கறேன்."

பெரியவன் அவனையே பார்த்தான். பிறகு அவனும் வெளியே நடந்தான்.

தரணி பெரியம்மாவின் கையை இழுத்தாள். "இங்க பொய் சொன்னா இன்னா ஆவும் பெரிம்மா?"

"ஒண்ணும் ஆவாது. சொல்ல வராது. அவ்ளோதான்."

சன்னதிக்கு முன்னால் கோவர்த்தனன் கைகூப்பினான். மகள் நிமிர்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு நைனா."

ஏழு என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. புத்தலப்பட்டு தாண்டி வாராவாரம் பார்த்த எண். அவன் வாயைத் திறந்தான். மூச்சுதான் வந்தது.

"நடவண்டி, நடவண்டி" என்று தெலுங்கில் நடக்கச் சொல்லிக் கோயில் ஆள் தோளைத் தொட்டு நகர்த்தினான்.

வெளியே வந்து குளத்துப் படியில் உட்கார்ந்தார்கள். காஞ்சனா எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்குத் தெரியும்.

"மூணாவது ஆளு மங்கைதான் அக்கா" என்றான். "அவ போட்டது. நான் மாத்தல."

காஞ்சனா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிக் கேட்டாள்:

"அப்ப இத்தினி நாளா அவ சோத்துக்கும் சேத்துதான் சம்பாரிச்சிகினு இருந்தியா?"

"ம்."

"துணிமணிக்கும்?"

"எல்லாத்துக்கும். ஆளுக்கு ஒன்பதாயிரம்."

"ஒன்பதாயிரமா!" அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. "மூணாவது இட்லிய தட்டுலயே வச்சிட்டு எழுந்து ஓடறவடா அவ. அவளா ஒன்பதாயிரத்துக்குத் துன்னுவா? வைத்தியம் வேற ஏத்திப் போட்டானாம். போனவளுக்கு."

கோவர்த்தனனும் சிரித்தான். சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று தாடை வலித்தபோதுதான் தெரிந்தது.

"அத எடுத்தா அவ போயிட்டான்னு நான் எழுதித் தர்ற மாதிரி இருந்துச்சிக்கா."

"அவ பேரு எடுக்கச் சொல்றது யாரு? மேல பெருசா 'மங்கை கணக்கு'ன்னு போட்டுக்குதே. அது அப்படியே இருக்கட்டும். சோத்துக் கணக்க மட்டும் எடு."

தரணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எடுத்தா எவ்ளோ வரும்?"

கோவர்த்தனன் செல்போனை எடுத்தான். மஞ்சள் கட்டத்தில் விரல் வைத்தான். 3 என்பதை அழித்ததும் கணக்கு முழுவதும் ஒரு நொடி காலியாக நின்றது. 2 போட்டான்.

மீதி மாதம்: -17.

"முன்னால ஒரு கோடு இருக்குதே. மைனஸா?"

"ஆமா."

"மைனஸ் மாசம்னா?"

"பதினேழு மாசம் முன்னாடியே முடிஞ்சிடுச்சின்னு அர்த்தம்."

அவள் விரல்விட்டு எண்ணினாள். இந்த மாதம்தான் நாலாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். ஒரு கை முடிந்து மறு கை முடிந்து மறுபடி முதல் கையும் முடிந்து மறு கைக்கு வந்தாள்.

"அப்ப நான் செகண்ட் கிளாஸ் படிச்சிகினு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். கோபம் இல்லை. கணக்குச் சரியாக வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். அவள் அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாள். கோவர்த்தனன் அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தான். அவள் தலையில் காஞ்சனா தேய்த்த எண்ணெய் வெயிலில் சுட்டது. பதினேழு மாதம், கிட்டத்தட்ட எழுபது வாரம். ஒவ்வொரு திங்கட்கிழமை விடியற்காலையும் இவள் தூங்கும்போதே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறான். விடுமுறை நாட்களில்கூட ஓவர்டைம் கேட்டு வாங்கியிருக்கிறான். யாருக்கு என்று அவனை அங்கே யாரும் கேட்டதில்லை.

"அப்ப நாளைக்குப் போவ வேணாமில்ல?"

"போணும்மா. லெட்டர் குடுத்தப்புறமும் மூணு மாசம் இருந்தாத்தான் உடுவாங்க. கம்பெனி ரூல்."

"மறுபடியும் மூணா?" அவள் முகம் சுருங்கியது.

"இது வேற. இது ஏறாது."

அங்கேயே, படியில் உட்கார்ந்தபடியே செல்போனில் எழுதினான். நாலு வரி. சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன், இன்றிலிருந்து தொண்ணூறு நாள் முடிந்ததும் விடுவிக்கவும். திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. அனுப்பினான். பச்சை டிக் விழுந்தது. மங்கையாக இருந்தால் கமா எங்கே என்று கேட்டிருப்பாள்.

"போச்சா?" என்றாள் காஞ்சனா.

"போச்சி."

"அய்யோ, அந்த மேனேஜர் பதிலுக்கு சம்பளம் ஏத்தித் தரேன்னா இன்னா பண்ணுவே?"

"இங்க வந்து பிரமாணம் பண்ணச் சொல்றேன்."

காஞ்சனா அவனை ஒரு மாதிரி பார்த்தாள். இவனுக்குக் கிண்டல்கூட வருமா என்கிற பார்வை. மங்கை இருந்தபோது வரும்.

தரணி எழுந்து நின்றாள். "வா நைனா. இப்ப போய்ச் சொல்லு."

"மறுபடியுமா! அந்த வரிசையப் பாத்தியா? நீங்க போங்க, நான் செருப்பப் பாத்துக்கறேன்" என்றாள் காஞ்சனா.

இந்தத் தடவை ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. மத்தியான வெயில் தகரக் கூரைக்கு மேலே காய்ந்தது. தரணி வரிசைக் கம்பியில் தொங்கினாள், தண்ணீர் கேட்டாள், தூங்கி விழுந்தாள், ஆனால் வேண்டாம் திரும்பிவிடலாம் என்று சொல்லவில்லை. சன்னதிக்கு வந்ததும் விறைப்பாக நின்றாள்.

"மூணு மாசம்" என்றான் கோவர்த்தனன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்திலிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"நடவண்டி" என்றான் கோயில் ஆள்.

வெளியே வந்ததும் தரணி தன் பையைத் துழாவினாள். "நோட்டு எடுத்துகினு வரல." பூக்கடைக்காரம்மாவிடம் பேனா கேட்டு வாங்கிவந்து உள்ளங்கையை அவன் முன்னால் விரித்தாள். "கையில எழுது."

அவன் 3 என்று எழுதப் போனான்.

"மாசத்த எழுதாத நைனா. தேதிய எழுது."

கோவர்த்தனன் மனதுக்குள் எண்ணினான். ஜூன் இருபத்தெட்டிலிருந்து தொண்ணூறு நாள். மகளின் கையைத் தன் கையில் தாங்கிக்கொண்டு, வியர்வையைச் சட்டையில் ஒற்றிவிட்டு, மை பரவாமல் மெதுவாக எழுதினான். செப்டம்பர் 26, சனி.

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு அழியாமல் இருக்கக் கையை விரித்துப் பிடித்தபடியே, செருப்பைக் காவல் காத்துக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் காட்ட ஓடினாள்.