படத்தில் குணமான முட்டி

என் வலது முட்டிக்கு ராஜ மரியாதை கிடைத்தது ஒரே ஒரு நாள்தான். டாக்டர் கம்ப்யூட்டரில் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பாருங்க, குருத்தெலும்பு வளர்ந்திருக்கு" என்றார். கூட வந்திருந்த அண்ணனுக்கு வாயெல்லாம் பல். டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

மூட்டுத் தேய்மானத்துக்குப் புது மருந்து அது. ஏதோ வளர்ச்சிப் புரதமாம். விட்டு விட்டு முட்டிக்குள்ளேயே ஊசி போட்டார்கள். தேய்ந்த குருத்தெலும்பு மறுபடி தடிக்கும் என்றார்கள். தடித்தும்விட்டது. பாழாய்ப்போன வலி மட்டும் இம்மியும் குறையவில்லை.

"இன்னும் வலிக்குது டாக்டர்" என்றேன்.

"படம் நல்லாத்தான் வந்திருக்கு. வலி போகப் போகக் குறையலாம். சிலருக்கு..." என்று மீதியை மென்று முழுங்கினார். அண்ணன் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

நாங்கள் டைல்ஸ் போடுகிறவர்கள். நாளெல்லாம் முட்டி போட்டால்தான் பிழைப்பு. எனக்கு முட்டி கெட்டதும், நின்றபடி டைல்ஸ் வெட்டும் வேலையை எனக்கு விட்டுவிட்டு, தரை முழுவதையும் அண்ணன் தன் தலையில் போட்டுக்கொண்டார். படத்தைப் பார்த்த மறுநாளே, "இனிமே பாதித் தரை உனக்கு" என்று என்னைக் கீழே இறக்கினார்.

"முட்டி போட்டா உயிர் போகுதுண்ணே."

"அதெல்லாம் மனப்பிரமைடா. நான்தான் கண்ணால பார்த்தேனே."

வீட்டுக்குப் போனால் பெண்டாட்டியும் அதே பாட்டு. "படம் பொய் சொல்லுமா? உங்க அண்ணன் எத்தனை நாளைக்குத்தான் தனியா மாரடிப்பாரு?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை ஊசி குத்திக்கொண்டது வேலைக்கள்ளன் என்று பேர் வாங்கத்தானா? வலிப்பது எனக்கு. அதற்குச் சாட்சி சொல்ல ஒரு கம்ப்யூட்டரா?

நேற்று ஒரு குளியலறையில் வேலை. வாய்ப்பேச்சு முற்றி, "சத்தியமா வலிக்குது, நம்பித் தொலைங்கண்ணே!" என்று கலவை பூசுகிற கரணையை விட்டெறிந்தேன். மூலையில் முட்டி போட்டிருந்த அண்ணன் எழப் பார்த்தார். முடியவில்லை. குழாயைப் பிடித்துப் பார்த்தார். பிறகு அப்படியே ஈரக் கலவையில் உட்கார்ந்துவிட்டார்.

ஓடிப்போய்ப் பேண்ட்டைச் சுருட்டிப் பார்த்தேன். இரண்டு முட்டியும் பன்னு மாதிரி வீங்கியிருந்தன.

"எப்பலேர்ந்துண்ணே இப்படி?"

"உனக்கு வந்து கொஞ்ச நாள்லயே. ரெண்டு பேரும் படுத்துட்டா வீடு என்னடா ஆகும்?" அவருக்கு மூச்சு வாங்கியது. "அடுத்த வாரம் எனக்கும் அந்த ஊசி போடுறாங்க. அதை நம்பித்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன். கோபத்துல சொல்லாத, நிஜமாச் சொல்லு. கொஞ்சங்கூடவா குறையல?"

இத்தனை நாளில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. நான் எதைச் சொன்னாலும் நம்பத் தயாராக இருந்தார். அண்ணன் பயந்து நேற்றுத்தான் பார்த்தேன்.

"குறைஞ்சிருக்குண்ணே" என்றேன். "உங்ககிட்ட வீம்புக்குச் சொன்னேன். தைரியமாப் போட்டுக்கங்க."

அவர் முகம் தெளிந்தது. "அடப்பாவி!" என்று என் முதுகில் ஒன்று வைத்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை என் பக்கம் தள்ளினார்.

"அப்ப என் பாதியையும் நீயே முடிச்சிடுடா. என்னால முடியல."

பல்லைக் கடித்துக்கொண்டு முட்டி போட்டேன். சுவரைப் பார்த்துச் செய்கிற வேலை என்பதால் என் முகம் அவருக்குத் தெரியவில்லை.